இரைப்பை யாருக்கு

அவர்கள் இரண்டு பேரையும் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது ஒரு கோழி இரைப்பைக்காக. யவுண்டே நகரத்தில் இதைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். "யார் தின்னது?" என்றுதான் கேட்பார்கள்.

ஈரலை ஒட்டிக்கொண்டு வரும் அந்தக் கெட்டிச் சதை உருண்டை இங்கே ஆம்பளைக்குச் சொந்தம். ஒரு கோழிக்கு இரைப்பை ஒன்று, ஒரு வீட்டுக்குத் தலைவன் ஒருவன். பெண்டாட்டி அதை அவன் தட்டில் எடுத்து வைக்க வேண்டும். தெரியாமல் அவளே தின்றுவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த இரண்டு பேரில் ஒருத்தி ஃபிலோமேன். அவள் சட்டத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய அன்று, அவள் அப்பா அவளுக்காகவே ஒரு சேவலை அறுத்தார். அவர்கள் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அப்பா எழுந்து நின்று மகளைப் பற்றிப் பேசினார். பேசும்போதே அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, இரைப்பையை அவரே தின்றார்.

அந்தப் பட்டம் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு மஞ்சள் குடையும் ஒரு ஸ்டூலும். மெலென் தெருமுனையில் குடைக்கடியில் உட்கார்ந்து போனுக்கு ரீசார்ஜ் போடுவாள். கூடவே வேர்க்கடலை விற்பாள். இன்னொருத்தி டெல்ஃபின், டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் அவள் பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்து வழிவார்கள், அவள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டே "பிரேக்" என்பாள். இரண்டு பேரும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். பெரியம்மா பெண், சித்தி பெண் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார்கள். அறையில் இரண்டு கட்டில் போட்டிருந்தார்கள். ஒன்றில் இரண்டு பேரும் தூங்குவார்கள், இன்னொன்றில் துவைத்த துணி தூங்கும்.

நாட்டுச் சட்டத்தில் இதற்கு ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரைக்கும் சிறை. ஃபிலோமேன் அந்தப் பிரிவைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள். அதே பரீட்சைக்கு முந்தின வாரம்தான் டெல்ஃபினை முதலில் பார்த்ததும். கேள்வி வரவில்லை. டெல்ஃபின் வந்தாள்.

அவர்கள் அறைக்குள்ளும் ஒரு சட்டம் இருந்தது. இரைப்பை யாருக்கு என்று ஆரம்பத்தில் அவர்களுக்கும் சண்டைதான். ஆனால் ஊர்ச் சண்டைக்கு நேர் எதிர்ச் சண்டை. தின்பவள்தான் தலைவன் என்றால், காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் மாற்றுவதும், எலி அடிப்பதும், வீட்டுக்காரரிடம் போய்த் தண்ணி வரவில்லை என்று நிற்பதும் தலைவன் வேலை. இரண்டு பேருக்கும் அந்தப் பதவி வேண்டாம். கடைசியில் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிறு இவள் தின்பாள், அடுத்த ஞாயிறு அவள். யார் தின்றாளோ அந்த வாரம் சிலிண்டர் அவள் தலையில். தலைவன் என்பது சுழற்சி வேலை என்று இந்த நாட்டிலேயே கண்டுபிடித்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான் என்று ஃபிலோமேன் பெருமைப்பட்டுக்கொள்வாள்.

பெருமை அந்த ஞாயிற்றுக்கிழமையோடு போயிற்று. கோழி பாதி வெந்துகொண்டிருக்கும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. முற்றத்தில் ஒதீல் அம்மாவின் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் அங்கேயே சமைத்து, அங்கேயே சாப்பிட உட்கார்ந்தார்கள். ஃபிலோமேன் எதையும் யோசிக்காமல் இரைப்பையை அகப்பையில் எடுத்து டெல்ஃபின் தட்டில் வைத்தாள்.

"உன் முறை. தின்னுட்டு நாளைக்கு சிலிண்டர் மாத்திடு," என்றாள்.

அடுப்புக்கு அந்தப் பக்கம் ஒதீல் அம்மாவின் கை அப்படியே நின்றது.

ஒதீல் அம்மா பக்கத்து அறை. அவள் புருஷன் பார்த்தெலெமி டுவாலா நகரத்துக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு சமையலைக் கண்டுபிடித்துவிட்டான். அவள் கெட்டவள் இல்லை. டெல்ஃபினுக்குக் காய்ச்சல் வந்தபோது எலுமிச்சைப்புல் கஷாயம் வைத்துக் கொடுத்தவள். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து எத்தனை கோழி அறுத்தாளோ அத்தனை இரைப்பையையும் ஒருத்தன் தட்டில் வைத்துவிட்டு, அவன் மெல்வதை நின்று பார்த்தவள். இங்கே ஒரு பெண் இன்னொரு பெண் தட்டில் அதை வைக்கிறாள், அவளும் கடலை கொறிப்பதுபோலக் கொறிக்கிறாள். அன்று சாயங்காலத்துக்குள் ஒதீல் அம்மா வீட்டுக்காரர் ஒங்கேனேயிடம் சொல்லிவிட்டாள்.

ஒங்கேனேவுக்கு வேறு மனக்குறை. ஆம்பளை இல்லாத வீட்டில் கோழி வெந்தால் இரைப்பை வீட்டுக்காரனுக்கு வர வேண்டும் என்பது அவர் கட்சி. இந்தப் பெண்கள் குடிவந்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் வாசனை மட்டும் அவர் வீட்டுக்கு வந்தது. இத்தனை இரைப்பையும் எங்கே போகிறது என்று அவர் தூக்கம் கெட்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு போலீஸுக்குப் போனார். பத்து மணிக்கெல்லாம் குடையடியிலிருந்து ஃபிலோமேனையும், ஒரு வங்கி மேனேஜர் ஓட்டிக்கொண்டிருந்த காரிலிருந்து டெல்ஃபினையும் போலீஸார் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேனேஜர் காரைத் தானே நிறுத்தத் தெரியாமல் ஒரு வாழைக்காய்க் கடையில் நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டர் ஸாம்போ தொந்தியும் நிதானமுமாக இருந்தார். கத்துகிற ஆள் இல்லை. அதுதான் ஃபிலோமேனுக்குப் பயமாக இருந்தது. இரண்டு பேரின் போனையும் வாங்கி மேசைமேல் வைத்தார். ஃபிலோமேன் சட்டம் படித்த புத்தியில் தன் போனில் இருப்பதை அன்றன்றைக்கு அழித்துவிடுபவள். டெல்ஃபின் அப்படி இல்லை. க்ரிபி கடற்கரைக்கு இரண்டு பேரும் போயிருந்தபோது எடுத்த படமெல்லாம் அதில் அப்படியே இருந்தது. பூட்டாவது போட்டு வை என்று ஃபிலோமேன் தலைபாடாக அடித்துக்கொண்டதும் வீண். இப்போதைக்குப் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அது ஒன்றுதான் அவர்கள் அதிர்ஷ்டம். அந்தப் போனுக்குச் சேரும் சார்ஜரைத் தேடி கான்ஸ்டபிள் ஒவ்வொரு மேசையாகப் போய்க்கொண்டிருந்தான். இரைப்பையை மறுத்துவிடலாம். க்ரிபியை மறுக்க முடியாது.

ஃபிலோமேன் பேச ஆரம்பித்தாள். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, எது குற்றம், எதற்கு என்ன சாட்சி வேண்டும், கோழி என்ற வார்த்தையே தண்டனைச் சட்டத்தில் இந்தப் பிரிவில் எங்கேயும் கிடையாது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். இன்ஸ்பெக்டர் முழுதும் கேட்டார்.

"நல்லாப் படிச்சிருக்கம்மா," என்றார். "சட்டம் புஸ்தகத்துல இருக்கு. நீ ஸ்டேஷன்ல இருக்க."

டெல்ஃபின் அவள் காலைத் தன் காலால் தட்டினாள். பிரேக் என்று அர்த்தம்.

இன்ஸ்பெக்டர் சாட்சிகளைக் கூப்பிட்டார். வாக்குமூலத்தில் புருஷன் யார், பெண்டாட்டி யார் என்று அவருக்குத் தெளிவாக வேண்டுமாம். மேலிடத்துக்குப் போகும் காகிதம், குழப்பமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். புருஷன் டெல்ஃபின்தான் என்று ஒதீல் அம்மா சொன்னாள். தன் கண்ணால் பார்த்தேன், இரைப்பை அவள் தட்டில்தான் விழுந்தது, கார் வேறு ஓட்டுகிறாள் என்றாள். உடனே ஒங்கேனே குறுக்கே வந்தார். அதற்கு முந்தின ஞாயிறு தாழ்வாரத்து ஜன்னல் வழியாகத் தானே பார்த்ததாகவும், இரைப்பையைத் தின்றது இந்தச் சட்டக்காரிதான் என்றும், ஆகவே அவள்தான் புருஷன் என்றும் சொன்னார்.

"ஜன்னல் வழியா எதுக்கு எட்டிப் பார்த்தீங்க?" என்று ஒதீல் அம்மா கேட்டாள்.

"என் வீட்டு ஜன்னல்."

"உங்க கண்ணுக்குக் கண்ணாடி போட்டு எத்தனை வருஷமாச்சு? அந்த ஒல்லிப் பொண்ணா புருஷன்? அவளுக்குச் சிலிண்டர் தூக்கத் தெம்பு இருக்கா?"

"வாயப் பாத்தியா அவளுக்கு. அந்த வாய்க்கு அவதான் புருஷன்."

இரண்டு சாட்சியும் எழுந்து நின்று சண்டை போட்டார்கள். ஒருவேளை இரண்டு பேருமே புருஷனாக இருக்கலாமே என்று கான்ஸ்டபிள் தன் யோசனையைச் சொன்னான். இரண்டும் புருஷனென்றால் அது வேறு பிரிவா என்று இன்ஸ்பெக்டர் ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தார். பிறகு டெல்ஃபின் பக்கம் திரும்பி, நீயே சொல்லிவிடு, உங்கள் இரண்டு பேரில் ஆம்பளை யார் என்று கேட்டார். தான் டிரைவிங் சொல்லிக்கொடுப்பவள் மட்டும்தான் சார் என்றாள் டெல்ஃபின். இந்தப் பதிலில் என்ன குறை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. என்ன அர்த்தம் என்றும் சொல்ல முடியவில்லை.

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. இன்ஸ்பெக்டர் வயிற்றைத் தடவிக்கொண்டார். குற்றம் நடந்த இடத்தில், நடந்தது நடந்தபடி திரும்பச் செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பது எங்கள் போலீஸில் உண்டு. கொலைகாரனைக் கூட்டிப் போய்க் குத்திக் காட்டச் சொல்வார்கள். அதைத்தான் செய்யப் போகிறோம் என்றார். குற்றம் நடந்த முற்றத்தில், அதே அடுப்பில், அதே சட்டியில் ஃபிலோமேன் கோழி சமைக்க வேண்டும். வெந்ததும் எல்லோருக்கும் பரிமாற வேண்டும். பழகின கை பழகின தட்டுக்குத்தான் போகும், அதை அவர் பார்த்துக்கொள்வார்.

"கோழிக்கு எங்க சார் போறது?" என்று கேட்டான் கான்ஸ்டபிள்.

"புகார் குடுத்தவர் குடுப்பாரு," என்றார் இன்ஸ்பெக்டர். ஒங்கேனேயின் முகம் தொங்கியது. விடியுமுன்னே கூவி நான்கு குடித்தனத்தையும் எழுப்பும் அவருடைய சேவல் அன்றைக்கு மத்தியானம் உயிரை விட்டது. அந்த நாளில் ஃபிலோமேனுக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அதுதான்.

முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. பெஞ்சு வந்தது, பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, எதிர் மதுக்கடையிலிருந்து ஆம்பளைகள் பாட்டிலும் கையுமாக வந்தார்கள். இன்ஸ்பெக்டர் நடு நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் கைக்குட்டையைச் செருகிக்கொண்டார். ஒங்கேனே வீட்டில் கான்ஸ்டபிளுக்குச் சார்ஜர் கிடைத்துவிட்டது. டெல்ஃபின் போனைத் தாழ்வாரத்து ஜன்னலில் மாட்டிவிட்டுத் திரும்பினான். செத்துக் கிடந்த போன், எழ நேரமாகும். எழுந்ததும் திறந்து பார்க்கலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னது ஃபிலோமேன் காதில் விழுந்தது. அவள் தக்காளியை நறுக்கவில்லை, கொன்றாள்.

இறகு பிடுங்கும் சாக்கில் டெல்ஃபின் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அந்த ஆளு தட்டுலயே வெச்சுடு. அதுக்குத்தான் கைக்குட்டை கட்டியிருக்காரு. தின்னுட்டுப் போகட்டும்," என்றாள் மெதுவாக.

"வெச்சா என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். அஞ்சு வருஷத்துக்கு அது பரவாயில்லடி."

ஃபிலோமேன் கோழியைத் துண்டு போட்டுக்கொண்டே கணக்குப் பார்த்தாள். டெல்ஃபின் தட்டில் வைத்தால் இரண்டு பேரும் உள்ளே. தானே தின்றால் தானே புருஷன், மறுபடி இரண்டு பேரும் உள்ளே. ஒங்கேனே தட்டில் வைத்தால், அவர் பெண்டாட்டி வாசல்படியில் உலக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாய்க்குப் போட்டால் அங்கே நிற்கிற ஆம்பளைகள் அத்தனை பேருக்கும் அவமானம், போலீஸ் தேவையில்லை, அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இன்ஸ்பெக்டர் தட்டில் வைத்தால் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அடுத்த ஞாயிறும் அவர் கைக்குட்டையோடு வருவார். அதற்கடுத்த ஞாயிறும் வருவார். இரைப்பையோடு நிறுத்திக்கொள்கிற ஆளா என்பது யாருக்குத் தெரியும். ஐந்து வருஷத்தைவிட அது நீளமாக இருக்கலாம்.

இதற்கு நடுவில் இன்ஸ்பெக்டர் போன் அடித்தது. அவர் பெண்டாட்டி. சாப்பிட வரமுடியாது, முக்கியமான விசாரணை என்றார். பின்னால் எண்ணெயில் தாளிக்கும் சத்தம் அந்தப் பக்கமும் கேட்டிருக்க வேண்டும். என்ன விசாரணை, யார் வீட்டில் விசாரணை, கோழியா ஆடா என்று வரிசையாக வந்த கேள்விகளுக்கு அவர் எழுந்து மூலைக்குப் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

ஒதீல் அம்மா சாட்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. எழுந்து வந்து வாழைக்காயை வாங்கித் தோல் சீவ ஆரம்பித்தாள். அவளுடைய அடுப்பு, வேறு யாரோ தீயை எரியவிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் ஆகாது. குற்றவாளிக்கு உதவி செய்யக் கூடாது என்று கான்ஸ்டபிள் சொல்லிப் பார்த்தான்.

"வாழைக்காய்க்குமா கேஸு?" என்றாள். பிறகு சட்டியை எட்டிப் பார்த்து, இஞ்சி போதாது என்று ஃபிலோமேனிடம் சொன்னாள். சண்டைக்காரி குரல் இல்லை அது. ஞாயிற்றுக்கிழமைக் குரல்.

ஃபிலோமேன் இஞ்சியைத் தட்டிப் போட்டாள். குழம்பில் இரைப்பை மேலே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூழ்கியது. ஒதீல் அம்மாவின் கண் அதோடு மேலே வந்து, அதோடு கீழே போனது. ஃபிலோமேன் அதைப் பார்த்துவிட்டாள்.

"இது எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டாள்.

"எது?"

"இதுதான். ருசி."

ஒதீல் அம்மா வாழைக்காயைச் சீவிக்கொண்டே இருந்தாள். "எனக்கென்ன தெரியும்," என்றாள்.

பிறகு, கேட்காமலே சொன்னாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை பூனை அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நீதான் தின்றுவிட்டாய் என்று பார்த்தெலெமி அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். பிறந்த வீட்டுக்குப் போனால், அவள் அம்மாவே ஒரு கோழியைக் கையில் கொடுத்து, முட்டிபோட்டு மன்னிப்புக் கேள் என்று திருப்பி அனுப்பினாள். அவளும் முட்டிபோட்டாள். அந்தக் கோழியின் இரைப்பையையும் அவன்தான் தின்றான்.

"பூனை மாட்டிக்கிச்சா?" என்றாள் ஃபிலோமேன்.

"அது ஆண் பூனை," என்றாள் ஒதீல் அம்மா.

கோழி வெந்தது. தட்டுகள் வரிசையாக வந்தன. இன்ஸ்பெக்டர் தட்டு, ஒங்கேனே தட்டு, கான்ஸ்டபிள் தட்டு, டெல்ஃபின் தட்டு, ஒதீல் அம்மா தட்டு. ஃபிலோமேன் தொடை வைத்தாள், நெஞ்சு வைத்தாள், கழுத்து வைத்தாள், வாழைக்காய் வைத்தாள். மதுக்கடை ஆம்பளைகள் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோக மறந்தார்கள். கடைசியாக அகப்பையில் இரைப்பை மட்டும் இருந்தது. இன்ஸ்பெக்டர் தன் தட்டை அரை அங்குலம் முன்னால் தள்ளினார், ஏதோ காற்றில் நகர்ந்ததுபோல. ஒங்கேனேயும் தள்ளினார். டெல்ஃபின் தன் தட்டை மடிக்குக் கீழே ஒளித்துக்கொண்டாள்.

ஃபிலோமேன் நடந்துபோய் அதை ஒதீல் அம்மா தட்டில் வைத்தாள்.

மரத்தில் காக்கை இருந்திருந்தால் அதுவும் வாயை மூடியிருக்கும். முதலில் வாயைத் திறந்தவர் ஒங்கேனே. "அப்ப இவதான் புருஷன்," என்றார்.

"நீங்க சும்மா இருங்க," என்றார் இன்ஸ்பெக்டர். அவர் முகத்தில் முதல் தடவையாக நிதானம் போயிருந்தது. தட்டில் வைத்தவள் பெண்டாட்டி, வாங்கிக்கொண்டவள் புருஷன் என்று காலையில் தன் கைப்பட எழுதியிருந்தார். அந்தக் கணக்குப்படி இப்போது அவர் கைது செய்ய வேண்டியது அவருடைய சாட்சியை. "அம்மா, அதைத் தொடாதீங்க. அது சாட்சியப் பொருள். அப்படியே தட்டோட என்கிட்ட குடுங்க."

ஒதீல் அம்மா தட்டைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். நீட்டிய அவர் கையையும், கழுத்தில் இருந்த கைக்குட்டையையும் பார்த்தாள்.

"உங்ககிட்ட குடுத்தா நீங்க என்ன பண்ணுவீங்க சார்?"

ஒதீல் அம்மா இரண்டு விரலால் அதை எடுத்து வாயில் போட்டாள்.

மென்றாள். அது சீக்கிரம் மெல்லக்கூடிய சமாசாரமும் இல்லை. தாடை இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் வந்தது. ஊரே அந்தத் தாடையோடு போய்வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஜன்னலில் போன் உயிர் வந்து ஒரு பாட்டுப் பாடியது. ஃபிலோமேன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆனால் வேறு ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. டெல்ஃபின் சாவகாசமாக எழுந்து, கை கழுவப் போகிறவள் மாதிரி போய், போனைப் பிடுங்கிப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு, கையையும் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். பாடம் நடத்தும்போது மேனேஜர்கள் பக்கத்தில் அவள் உட்காரும் அதே உட்கார்வு.

ஒதீல் அம்மா விழுங்கினாள்.

"கொஞ்சம் வேகல," என்றாள்.

அவள் விரலைச் சப்பிக்கொண்டாள், அவ்வளவு வருஷத்தையும் நாக்கால் துழாவிப் பார்ப்பவள்போல இருந்தாள். "இதுக்கா?" என்றாள். யாரைப் பார்த்துக் கேட்டாள் என்று தெரியவில்லை. மதுக்கடை ஆம்பளைகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். "இந்த ரப்பர் துண்டுக்கா நான் முட்டிபோட்டேன்?"

வாசல்படியில் ஒங்கேனேயின் பெண்டாட்டி உலக்கையைக் கீழே வைத்துவிட்டு, ருசி பரவாயில்லையா என்று விசாரித்தாள். உப்பு கூடுதலாகப் போட்டு இன்னும் கொஞ்சம் வேகவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஒதீல் அம்மா சொன்னாள். அப்படியா என்று அந்த அம்மாள் ஒங்கேனேயை ஒரு பார்வை பார்த்தாள். அவர் இன்னொரு சேவலை இழந்தவர்போல ஆனார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். புகாரில் கையெழுத்து இருக்கிறது, சாட்சி இருக்கிறது, இதை இப்படியே விட முடியாது என்று ஆரம்பித்தார்.

"நான் என்ன பார்த்தேன்?" என்றாள் ஒதீல் அம்மா. "ஒரு கோழியப் பார்த்தேன். புகார்ல கையெழுத்துப் போட்டது தப்புதான். கேஸு வேணும்னா என் பேர்ல எழுதுங்க. இரைப்பை என் வயித்துல இருக்கு. இந்த ஒல்லிப் பொண்ணுக்கு நான் புருஷன்னு எழுதி மேலிடத்துக்கு அனுப்புங்க. நானும் வந்து சொல்றேன், இன்ஸ்பெக்டர் சாரும் தட்டை நீட்டினாரு, பொண்ணு போடலன்னு."

கூட்டத்தில் எங்கேயோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு இன்னொருத்தி. ஆம்பளைகள் சிரிப்பு வேறு, இது வேறு. அதற்குள் இன்ஸ்பெக்டர் போன் மறுபடி அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு அவர் எடுக்கவில்லை. கைக்குட்டையைக் கழுத்திலிருந்து உருவி மடித்தார். தொடையை மட்டும் நின்றபடியே தின்றுமுடித்தார், அதை விட்டுவிட்டுப் போக அவருக்கும் மனசில்லை. காலையில் எழுதின காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. ஃபிலோமேன் அதைக் கவனித்தாள்.

போகும்போது அவள் பக்கத்தில் வந்து நின்று, கத்தாமல், காலையில் பேசின அதே குரலில் சொன்னார்.

"இனிமே மீன் சமைங்க."

ஜீப் போய்விட்டது. போனைப் பற்றி அவருக்கு ஞாபகமே வரவில்லை. ஞாபகம் வந்து திரும்பி வருவாரோ என்று டெல்ஃபின் க்ரிபியை ஒவ்வொரு படமாக அழித்தாள். ஒன்றில் ஃபிலோமேன் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தாள், பின்னால் கடல். அதில் மட்டும் டெல்ஃபின் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் அழித்தாள். அதற்காக ஃபிலோமேன் அந்தச் சட்டத்தை எழுதினவன், அச்சடித்தவன், அதைத் தனக்குப் பாடம் நடத்தினவன் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி வைதாள். டெல்ஃபின் தடுக்கவில்லை.

வைது முடித்ததும் டீ போடலாம் என்று அடுப்பைத் திருகினாள். கேஸ் இல்லை.

"உன் முறை," என்றாள்.

"அது நேத்துக் கணக்கு. கடைசியாத் தின்னவங்க பக்கத்து ரூம்ல இருக்காங்க," என்றாள் டெல்ஃபின். காலையிலிருந்து முதல் தடவையாக இரண்டு பேரும் சிரித்தார்கள். சத்தமாகச் சிரிக்கவில்லை. சுவர் மெல்லியது.

அப்போது கதவு தட்டப்பட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். டெல்ஃபின் இரண்டாவது கட்டிலில் கிடந்த துணியை அள்ளி மூலையில் எறிந்தாள், ஃபிலோமேன் அந்தக் கட்டிலில் புரண்டு விரிப்பைக் கசக்கினாள். பிறகுதான் கதவைத் திறந்தார்கள்.

ஒதீல் அம்மா நின்றாள். கையில் ஒரு தட்டு, மீந்துபோன வாழைக்காயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்திருந்தாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. தட்டை நீட்டினாள், உள்ளே ஒரு தடவை பார்த்தாள், மூலையில் கிடந்த துணியையும் பார்த்தாள்.

"ரெண்டாவது கட்டில் மேல துணியக் குமிக்காதீங்க," என்றாள். "தாழ்வாரத்து ஜன்னல்லேருந்து நல்லாத் தெரியுது. எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டெல்ஃபின் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். ஃபிலோமேன் தரையில் உட்கார்ந்து துணியை மடிக்க ஆரம்பித்தாள்.